முப்பத்து நாலு பாட்டும் ஒரு குத்தூசியும்

எந்தப் பாட்டும் தானாகப் போய் யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்பதில், கொச்சியின் கேட்போர் கருத்துக் கழகம் பதினேழு ஆண்டுகளாகக் கவனமாக இருந்து வருகிறது. மட்டாஞ்சேரியில் கழகத்துக்குச் சொந்தமாக ஓர் அரங்கு உண்டு. முன்னூறு நாற்காலி, ஓடுகிற மின்விசிறி, நல்ல ஒலிபெருக்கி எல்லாம் இருக்கின்றன. அதில் பாட விரும்புகிறவர்கள் முதலில் பாட்டைக் கழகத்திடம் ஒப்படைக்க வேண்டும். கழகம் அதைக் கேட்போரிடம் கொடுக்கும். கேட்போர் கருத்துச் சொல்வார்கள். அந்தக் கருத்துகளை எல்லாம் கழகம் ஒரே கருத்தாக ஆக்கி, முத்திரை வைத்து, அரங்கின் காவலாளியிடம் கொடுக்கும். காவலாளி பூட்டைத் திறப்பார். இதற்கு ஏழெட்டு மாதம்கூட ஆகும். கல்யாணத்துக்கென்று பாட்டுக் கொடுத்த ஒருவர் அதே பெண்ணின் வளைகாப்பில் பாடியிருக்கிறார். தொட்டில் போடுகிற வரைக்கும் தள்ளிப் போகவில்லையே என்று அவர் கழகத்துக்கு நன்றிக் கடிதம் எழுதினார். அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

இந்தக் கழகத்திடம்தான் 'துரு' என்ற குழு தன் பாட்டுத் தொகுப்பை ஒப்படைத்தது. துருவில் நாலு பேர். பாடுகிற பாண்டிச்செல்வி, கடற்கரைப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிறவள். டிரம்ஸ் அடிக்கிற அருண்பாண்டி, ஏசி பழுது பார்க்கிறவன். கிதார் வாசிக்கிற இரண்டு பேரும் கும்பளங்கியிலிருந்து வருகிற அண்ணன் தம்பி. இவர்கள் வாசிப்பதற்குப் பங்க் ராக் என்று பெயர். கிதாரில் மூன்று பிடி தெரிந்தால் ஆரம்பித்துவிடலாம், மிச்சத்தை வேகமும் கோபமும் பார்த்துக்கொள்ளும் என்பது அந்த இசையின் நம்பிக்கை. ஆனால் இந்த நாலு பேரிடமும் கோபம் மட்டும் இருக்கவில்லை. பசி, பக்தி, பயம், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த சந்தோஷம் எல்லாம் இருந்தன. எதை விடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் போட்டுவிட்டார்கள்.

தொகுப்பின் பெயர் 'மழைக்கு ஒதுங்கினவங்க'. முப்பத்து நாலு பாட்டு, இரண்டு மணி பத்து நிமிடம். ஒன்று முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். நடுவில் மூச்சுவிட இடம் கிடையாது. ஒன்பதாவது பாட்டு கத்தலாக ஆரம்பித்து, முருகன் பஜனையாக மாறி, டிஸ்கோவாக முடியும். இன்னொன்றில் மட்டாஞ்சேரியிலிருந்து ஏலூர் வரையுள்ள பஸ் நிறுத்தங்களைப் பாண்டிச்செல்வி ஒப்பாரிபோல் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவாள். ஒரு பாட்டில் மூன்று நிமிடத்துக்குக் கும்பளங்கித் தவளைகள் மட்டும். அவற்றின் பின்னால் மெல்ல ஒரு நாகஸ்வரம் எழும். சில பாட்டுகள் அருமையாக இருந்தன. வேறு சிலவற்றில், இதை ஏன் போட்டோம் என்று போட்டவர்களே நடுவில் யோசிப்பது நன்றாகக் கேட்டது.

அரங்கை ஒரு சனிக்கிழமைக்குக் கேட்டிருந்தார்கள். அடுத்த நாள் காலை அருண்பாண்டி இரண்டு வருட ஒப்பந்தத்தில் தோஹாவுக்கு விமானம் ஏறுகிறான். தொகுப்பை முதலிலிருந்து கடைசி வரை அவர்கள் யார் முன்னாலும் ஒரு தடவைகூட வாசித்ததில்லை. அவன் போவதற்குள் அப்படி ஒரு தடவை வாசித்துவிட வேண்டும். அவர்களுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

கழகம் விதிப்படி நானூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கருத்துக் கேட்டது. ஏழாவது பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று ஓர் ஆசிரியை எழுதினார். ஏழாவதை மட்டும் எடுத்துவிட்டால் மற்றது தேவலை என்று ஓர் ஆட்டோ ஓட்டுநர் எழுதினார். தவளைப் பாட்டைப் போட்டால் குழந்தை தூங்கிவிடுகிறது என்று ஒருத்தி. அந்தப் பாட்டைப் போட்டால் எங்கள் நாய் தூங்குவதே இல்லை என்று அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர். இது தமிழா மலையாளமா என்று மட்டும் பதினாறு பேர் கேட்டிருந்தார்கள். பெயர் போடாத ஒருவர், "ரொம்ப நீளம். முடிந்ததும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது" என்று எழுதியிருந்தார்.

கழகத்தின் செயலாளர் கல்யாணராமன் இவற்றை மூன்று நாள் படித்தார். பாலக்காட்டுக்காரர், இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் உயர்ந்த பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். நானூற்றுப் பன்னிரண்டாவது தாளை வைத்துவிட்டு, "ஆளுக்கொரு அபிப்பிராயம்னா இருக்கு. இதை எப்படி அபிப்பிராயம்னு சொல்றது?" என்றார்.

கழகத்தின் வகைப்பிரிவு ஆலோசகர் ஸாதனா ஒரு வழி சொன்னாள். கேட்பவர் ஒரே ஒருவராக இருந்துவிட்டால் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. விதிப் புத்தகத்தில் 'சாதாரணக் கேட்பவர்' என்று ஒரு பதவி ஏற்கெனவே இருந்தது. பதினேழு ஆண்டுகளாக அது காலியாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அந்தப் பதவிக்கு விண்ணப்பித்தவர்கள், விண்ணப்பம் போடத் தோன்றிய காரணத்தாலேயே சாதாரணமானவர்கள் அல்ல என்று தள்ளப்பட்டார்கள். ஆகவே விண்ணப்பிக்காத ஒருவரைத் தேடினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது முத்துவேல் தெரிந்தார்.

கழகத்தின் அலுவலகம் கொச்சங்காடியில் ஒரு மாடியில் இருக்கிறது. எதிரே மிளகுக் கிட்டங்கி. முத்துவேல் அங்கே சாம்பிள் எடுக்கிறவர். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. துரு கேட்டிருந்த சனிக்கிழமைக்கு முந்தைய திங்கட்கிழமை மத்தியானம் அவர் வாசலில் நின்று சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். பார்ப்பதற்கு மிகவும் சாதாரணமாக இருந்தார்.

மாடிக்கு அழைத்துப் போய் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பாட்டுப் பற்றி அவருக்கு ஏதாவது அபிப்பிராயம் உண்டா என்று கல்யாணராமன் கேட்டார்.

"கோயில்ல போட்டா கேப்பேன் சார். சாயாக் கடையில போட்டாலும் கேப்பேன். அபிப்பிராயம்னு தனியா ஒண்ணும் வச்சுக்கல."

செயலாளரும் ஆலோசகரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீலக் கயிற்றில் கோத்த ஓர் அடையாள அட்டை முத்துவேலின் கழுத்தில் விழுந்தது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு வர வேண்டும் என்றார்கள்.

வீட்டில் அவர் மனைவி முப்பிடாதி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் 'சாதாரணக் கேட்பவர்' என்று தமிழிலும் போட்டிருந்தது; அவளுக்குத் தமிழ் எழுத்து நன்றாகவே தெரியும். "இருபத்தாறு வருசமா நான் சொல்றத ஒண்ணுகூடக் கேக்கல. ஒமக்கு எவன் இந்த வேலயக் குடுத்தான்?" என்று கேட்டாள். முத்துவேல் அதையும் கேட்காதவர்போல் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை உபகுழுக்கள் கூடின. ஒரு பாட்டைக் கேட்குமுன் அது என்ன வகை என்று தெரிந்தாக வேண்டும் என்பது கழகத்தின் அடிப்படைக் கொள்கை. வகை தெரியாமல் கேட்டால் அது பிடித்தும் போகலாம், அது ஆபத்து என்று ஸாதனா முத்துவேலுக்கு விளக்கினாள். முப்பத்து நாலு பாட்டையும் வகைவகையாகப் பிரித்தார்கள். நடுவில் வகை மாறுகிற பாட்டுகளை, மாறுகிற இடத்தில் வெட்டினார்கள். ஒன்பதாவது பாட்டு மூன்று துண்டாகி மூன்று அறைக்குப் போயிற்று. வெட்டியவர் கொஞ்சம் தள்ளி வெட்டிவிட்டதால் பஜனை, கடவுள் பெயரின் பாதியிலிருந்து தொடங்கியது. இறைவன் திருநாமத்தைச் சிதைத்ததற்குத் துரு குழு எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பக்தி உபகுழு தீர்மானம் போட்டது. தவளைகள் உள்ளூர்த் தவளைகள்தானா என்று இயற்கை ஒலி உபகுழு அத்தாட்சி கேட்டது. எதிலும் சேராத பதினொரு துண்டுகள் 'இதர' உபகுழுவுக்குப் போயின. அந்தக் குழுவில் உறுப்பினர் எவரும் இல்லை. துண்டுகளை அதன் பீரோவில் வைத்துப் பூட்டி, பீரோ பெற்றுக்கொண்டதாகப் பதிவு செய்தார்கள்.

முத்துவேல் அட்டையுடன் ஒவ்வோர் அறையிலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். பாட்டுப் போடும்போது அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். நிபுணர்கள் கேட்கிற பாட்டைக் கேட்டு அவர் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாதாம். வராந்தாவில் நின்று, எதிரே தன் கிட்டங்கியின் ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஓடு நகர்ந்திருந்தது.

ஆறு மணிக்குக் கல்யாணராமன் களைத்துப்போய் வந்து அவர் பக்கத்தில் நின்றார். இரண்டு மணி பத்து நிமிடப் பாட்டை இந்த வேகத்தில் கேட்டால் ஓணம் வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டார். அப்புறம் ஏதோ நினைத்துக்கொண்டு, "ஒரு லாரி மிளகை நீர் எப்படி ஓய் ஒரே நாள்ல பார்த்து முடிக்கறீர்?" என்று கேட்டார்.

இருபத்தாறு வருடத்தில் முத்துவேலிடம் அவருடைய வேலையைப் பற்றி யாரும் கேட்டதில்லை. சந்தோஷத்தில் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. குத்தூசி என்றால் நுனி கூரான இரும்புக் குழல். மூட்டையைப் பிரிக்காமலே குத்தி இழுத்தால் ஒரு கைப்பிடி மிளகு குழலுக்குள் வந்துவிடும். வாயருகில் ஒரு குத்து, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. மூன்றையும் உள்ளங்கையில் கலந்து பார்க்க வேண்டும். ஒன்றைக் கடித்துப் பார்க்க வேண்டும். கொஞ்சத்தைத் தண்ணீரில் போட்டால் பொக்கு மிளகு மிதக்கும். "மூணு குத்துப் போதும் சார். மூட்டை பொய் சொல்லாது" என்று முடித்தார்.

கல்யாணராமன் கண்களை மூடிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து வந்த ஸாதனா குறிப்பேட்டை எடுத்து, முத்துவேல் சொன்னதை மலையாளத்தில் எழுதிக்கொண்டாள்.

புதன்கிழமை முதல் அது 'குத்தூசி முறை' ஆயிற்று. ஒவ்வொரு பாட்டிலும் தொடக்கத்தில் மூன்று விநாடி, நடுவில் மூன்று, முடிவில் மூன்று. முழுத் தொகுப்பும் ஐந்து நிமிடம் ஆறு விநாடியில் முடிந்தது. கழகத்தில் ஒருவரை ஒருவர் கைகுலுக்கிக்கொண்டார்கள். முத்துவேலுக்கும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பாட்டுப் போட்டுக் காட்டினார்கள். பதினாலாவது பாட்டில் மூன்று குத்தும் மௌனத்தில் விழுந்தன. 'மிகவும் அடக்கமான பாட்டு' என்று அதற்கு முதலிடம் கிடைத்தது. பஸ் நிறுத்தப் பாட்டில் மட்டாஞ்சேரி, களமசேரி, ஏலூர் என்று மூன்று சொற்கள் வந்தன. 'பயணத் தகவல், இசை அல்ல' என்று எழுதினார்கள். இருபதாவதில் குத்திய இடத்தில் இருமல். இருபத்தொன்றிலும் ஓர் இருமல். முடிவில் அறிக்கை இப்படி வந்தது: 'சீரற்ற தொகுப்பு. இருமல் மிகுதி. அரங்குக்கு உகந்ததல்ல.' கீழே சாதாரணக் கேட்பவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

அன்று மாலை சாயாக் கடையில் ஒரு பெண் அவர் கழுத்து அட்டையைப் பார்த்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். கையில் சோப்பு வாசனை அடித்தது. பாண்டிச்செல்வி என்று பெயர் சொன்னாள். துருவில் பாடுகிறவள் என்று சொன்னதும் முத்துவேல் அட்டையைச் சட்டைக்குள் தள்ளினார். திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தார். அவள் அவருக்கும் சேர்த்து சாயாவும் பழம்பொரியும் சொன்னாள். அருண்பாண்டி பெட்டி கட்டிவிட்டான் என்றும், போட்ட சட்டையைவிட டிரம்ஸ் குச்சிகள்தான் பெட்டியில் அதிகம் என்றும் சொல்லிச் சிரித்தாள். அப்புறம் கேட்டாள்.

"அண்ணாச்சி, முழுசாக் கேட்டீங்களா?"

முத்துவேல் சாயாவை எடுத்து ஆற்றினார்.

"நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னு எழுதுங்க. ஒண்ணும் நினைக்க மாட்டோம், கேட்டோ. முப்பத்து நாலும் நல்லா இருக்குதுன்னு எங்களுக்கே தோணல. கேட்டுட்டு எழுதுங்க. அவ்வளவுதான்."

வேறு ஒன்றும் கேட்காமல் அவள் வேலைக்குப் போய்விட்டாள். முத்துவேல் பழம்பொரியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். குத்தாத மூட்டைக்கு அவர் இதுவரை சீட்டு எழுதியதில்லை. ஒரு தடவை காய்ச்சலோடு போய், அவசரத்தில் நாலு மூட்டையை விட்டுவிட்டு வந்து, பாதி வழியில் ஞாபகம் வந்து, மழையில் திரும்பி நடந்தவர். மிளகை எங்கே குத்தினாலும் மிளகுதான் வரும். பாட்டு அப்படி இல்லை என்பது மற்றவர்களுக்குத் தெரியாமல் போனால் போகட்டும், வாயைத் திறந்து அந்த யோசனையைக் கொடுத்த தனக்காவது தெரிந்திருக்க வேண்டாமா என்று அவருக்கு இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் கோயில் நடை சாத்தியிருந்தது. வெளியே நின்றே கும்பிட்டார்.

வியாழக்கிழமை கிட்டங்கியிலும் கழகத்திலும் அரைநாள் விடுப்புச் சொன்னார். பாண்டிச்செல்வி வேலை பார்க்கிற விடுதியைத் தேடிப் போனார். அவள் அவரை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனாள். அங்கே கொடி கொடியாக வெள்ளை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் நிழலில் ஒரு முக்காலி போட்டு, தன் கைப்பேசியையும் காதில் வைக்கிற கருவியையும் கொடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் விரிப்புகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

மூன்று மணிக்கு உட்கார்ந்தவர் ஐந்து பத்துக்கு எழுந்தார். நடுவில் ஒருமுறைகூட நிறுத்தவில்லை; பேசுகிறவரை நிறுத்துவது மரியாதை இல்லை என்று நினைத்தார். முதல் மூன்று பாட்டுகளில் பல் கூசியது. நாலாவது பிடித்திருந்தது. ஐந்தாவது வெறும் கத்தல். ஆறாவதும் கத்தல்தான், ஆனால் கத்துவதற்குக் காரணம் இருந்தது. எட்டாவதில் கொஞ்சம் தூங்கிப்போய், அதற்காக வெட்கப்பட்டார். இருபதாவது பாட்டு வந்தது. ஊரைவிட்டுப் போகிற ஒருவன், எது எது எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்கிறான். கேஸ் புத்தகம் டிரங்குப் பெட்டியில். சர்க்கரை மாத்திரை சாமிப் படத்துக்குப் பின்னால். மோட்டார் சுவிட்சை இரண்டு தடவை தட்ட வேண்டும். அவ்வளவுதான் பாட்டு. நடுவில் அவன் இருமுகிறான். இருமிவிட்டு, குடை எங்கே இருக்கிறது என்று சொல்கிறான். குத்தூசியில் வந்தது அந்த இருமல் மட்டும்.

முத்துவேல் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு முகத்தையும் துடைத்துக்கொண்டார். பாண்டிச்செல்வி ஒரு விரிப்பை உதறி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிட்டங்கியில் சாம்பிள் போடுகிற காகித உறை ஒன்று அவர் சட்டைப் பையில் இருந்தது. அதன் பின்பக்கம் முப்பத்து நாலு வரி எழுதினார். 'கேட்டேன். மூன்று பாட்டு எனக்குப் புரியவில்லை. ஏழு பாட்டு வேண்டாம். பதினாலாம் பாட்டில் சத்தம் உண்டு, அடக்கமான பாட்டு அல்ல' என்பது போன்ற விவரங்கள். கீழே, 'சரக்கு கலப்புதான். கலந்தவர்கள் ஏமாற்றவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அந்த உறையைக் கழகத்தின் மேசையில் வைத்தார். கல்யாணராமன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் வெளுத்தது.

"நீர் முழுக்கக் கேட்டுட்டீரா?"

"ஆமா சார். இருந்து கேட்டேன்."

கல்யாணராமன் எழுந்து கதவைச் சாத்தினார். "என்ன காரியம் பண்ணிட்டீர் ஓய். முழுக்கக் கேட்டவன் எப்படிச் சாதாரணக் கேட்பவனா இருக்க முடியும்? சாதாரண ஜனங்கள் பாதியில எழுந்து போறவா. இனிமே உமக்கு எது நன்னா இருக்கு, எது இல்லைன்னு தெரிஞ்சுபோயிடுத்து. பாரபட்சம் வந்துடுத்து. என்னைப் பாரும். பதினேழு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். எத்தனையோ ஆயிரம் பாட்டு இந்த மேஜையைத் தாண்டிப் போயிருக்கு. ஒண்ணைக்கூட முழுசாக் கேட்டதில்லை, தெரியுமா. அதனாலதான் இன்னிக்கு வரைக்கும் என் மேல ஒருத்தரும் ஒரு குத்தம் சொன்னது கிடையாது."

இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. தியாகம் செய்தவர்களுக்கு அப்படி வருவது இயல்பு.

ஸாதனா விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, சாதாரணக் கேட்பவரின் பதவி மறுபடியும் காலியாகிவிட்டது என்றாள். புதிய ஒருவரைத் தேட ஆறு வாரம் ஆகும். அதுவரை துரு குழுவின் தொகுப்பு 'கேட்கப்படாதது' என்றே கருதப்படும்.

"அந்தப் பையன் ஞாயித்துக்கெழம போறான்மா" என்றார் முத்துவேல்.

"அது ஒரு ப்ரச்னம்தான் அண்ணாச்சி" என்றாள் ஸாதனா. நல்ல பெண், அவளுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "அதுக்கு வேற ஃபார்ம் இருக்கு. பயணத்தில் உள்ள கலைஞர்னு. அது எங்க கிட்ட தீர்ந்துபோச்சு."

முத்துவேல் படியிறங்கி நேரே கிட்டங்கி முதலாளியிடம் போனார். இத்தனை வருடத்தில் அவர் முதலாளியிடம் தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை. இது தனக்கென்று கேட்பதா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் உள்கூடத்தை இரண்டு மணி பத்து நிமிடத்துக்குத் தர வேண்டும் என்றார். அந்தப் பத்து நிமிடம் எதற்கு என்று முதலாளி கேட்டார். முத்துவேல் காரணத்தைச் சொன்னார். ஏழு மணிக்கு இடுக்கியிலிருந்து லாரி வரும், அறுபது மூட்டை இறக்க வேண்டும், அதற்குள் முடித்துவிடுங்கள் என்று முதலாளி சாவியைக் கொடுத்தார்.

சனிக்கிழமை ஐந்து மணிக்குத் தொடங்க வேண்டியது, டிரம்ஸை வாசலுக்குள் நுழைக்கிற போராட்டத்தில் ஐந்தேகால் ஆயிற்று. கூட்டம் என்று சொல்ல முடியாது. மூட்டை தூக்குகிறவர்கள் ஒன்பது பேர், அவர்களுடைய மூப்பன் தங்கதுரை, விடுதியில் பாண்டிச்செல்வியோடு வேலை செய்கிற இரண்டு பெண்கள், அருண்பாண்டியின் அம்மா, ஒரு தூக்குவாளி சாயாவோடு முப்பிடாதி. எல்லாரும் மூட்டைகள்மேல் உட்கார்ந்தார்கள். முதல் பாட்டு தொடங்கியதும் ஓட்டிலிருந்து இருபத்தாறு வருடத் தூசி இறங்கியது. ஏதோ விழுந்துவிட்டது என்று இரண்டு பேர் வெளியே ஓடிப் பார்த்துவிட்டு வந்தார்கள். முப்பிடாதி காதுகளைப் பொத்திக்கொண்டாள். பஜனை வந்ததும் கைகளை எடுத்துக் கும்பிட்டாள். டிஸ்கோ வந்ததும் கும்பிட்ட கையை என்ன செய்வது என்று தெரியாமல் தங்கதுரைக்குச் சாயா ஊற்றிக் கொடுத்தாள்.

பதினோராவது பாட்டின்போது கல்யாணராமன் வந்தார். முத்துவேலின் அடையாள அட்டையைத் திரும்பப் பெற்று ரசீதில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. பாட்டு முடியட்டும் என்று முத்துவேல் சைகை காட்டினார். கல்யாணராமன் மரியாதை தெரிந்தவர், ஒதுங்கி நின்றார். ஆனால் அந்தத் தொகுப்பில் பாட்டு முடிகிற இடமே கிடையாது என்பது அறிக்கையில் இல்லை. பன்னிரண்டு வந்தது, பதின்மூன்று வந்தது. பதினெட்டாவதில் கால் வலித்து அவர் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். முப்பிடாதி அவருக்கும் சாயா கொடுத்தாள்.

"நான் கேக்கலை. சும்மா உக்காந்திருக்கேன், அவ்வளவுதான்" என்றார் அவர்.

"எல்லாரும் அப்படித்தான் சாமி உக்காந்திருக்கோம். குடிங்க" என்றாள் முப்பிடாதி.

இருபதாவது பாட்டில் அருண்பாண்டியின் அம்மா, மாத்திரை இருக்கிற இடம் தனக்குத் தெரியும் என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். பஸ் நிறுத்தப் பாட்டில் பாண்டிச்செல்வி ஒரு நிறுத்தத்தை மறந்துவிட, மூட்டை தூக்குகிறவர்கள் ஒன்பது பேரும் ஒரே குரலில் எடுத்துக் கொடுத்தார்கள். தவளைகளுக்குப் பதிலாக அண்ணனும் தம்பியும் தொண்டையால் கத்திக் காட்டினார்கள். அது நன்றாக இல்லை. எல்லாரும் ரசித்தார்கள்.

முப்பத்து மூன்றாவது பாட்டு முடிகிற சமயம், சற்றுத் தாமதமாக, வாசலில் லாரி வந்து நின்றது. ஓட்டுநர் அன்றைக்கே திரும்ப வேண்டும். முத்துவேல் அருண்பாண்டியைப் பார்த்தார். மிச்சம் இருந்தது கடைசிப் பாட்டு ஒன்றுதான். அது அருண்பாண்டி தானே எழுதி, குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, விரலால் மட்டும் தட்டிக்கொண்டு, ஒலிபெருக்கி இல்லாமல் சொந்தக் குரலில் பாடுகிற பாட்டு. அவனுக்குக் குரல் கிடையாது என்பது குழுவில் எல்லாருக்கும் தெரியும். ஒரு மூட்டை தரையில் விழுகிற சத்தத்தில் அந்தப் பாட்டு காணாமல் போய்விடும்.

தங்கதுரை தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு எழுந்தார். "நீ பாடு தம்பி. லாரிய நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார்.

அருண்பாண்டி பாட ஆரம்பித்தான். மூட்டை தூக்குகிறவர்கள் வரிசையாக வெளியே போய், ஐம்பது கிலோ மூட்டைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு செருப்பில்லாமல் உள்ளே வந்தார்கள். வழக்கமாகத் தோளைச் சாய்த்துத் தொப்பென்று போடுகிறவர்கள், அன்றைக்கு முழங்காலை மடக்கி, இரண்டு பேராகப் பிடித்து, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல் ஒவ்வொன்றாக வைத்தார்கள். வைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு வெளியே போனார்கள். லாரி ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வாசலில் நின்றார். கல்யாணராமன் கையில் ரசீதுப் புத்தகம் திறந்தபடியே இருந்தது. பக்கம் புரள்கிற சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று அவர் அதை விரலால் அழுத்திப் பிடித்திருந்தார்.

பாட்டு நீளமாகப் போயிற்று. ஒரே வரி நாலைந்து தடவை வந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் மறுபடியும் தொடங்கியது. நாற்பத்தோராவது மூட்டை இறங்கும்போது அருண்பாண்டி நிறுத்தினான். யாரும் கைதட்டவில்லை, மறுபடியும் தொடங்குவான் என்று காத்திருந்தார்கள்.

அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு முத்துவேலைப் பார்த்தான். "சொல்லுங்க அண்ணாச்சி. எப்படி இருந்துச்சு?"

முத்துவேல் யோசித்தார். பொய் சொல்லி வழியனுப்ப அவருக்கு மனம் இல்லை.

"கடைசிப் பாட்டு ரொம்ப நீளம் தம்பி."

"தெரியும் அண்ணாச்சி" என்றான் அருண்பாண்டி. "முடிக்க மனசு வரல."

மீதி இருந்த பத்தொன்பது மூட்டைகள் அதன்பிறகு வழக்கம்போல் சத்தமாகவே இறங்கின.